சொல்லு பாக்கலாம், இது என்ன கலர்?

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் நூலகத்தில் ‘கண்ணும் நிறமும்’ என்று ஓர் அறிவியல் நிகழ்ச்சி வைத்தோம்.
2. பக்கத்து பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.
3. ஒரு படப் புத்தகத்தில் மகளுக்குத் தெரிந்த எண்கள் அப்பாவுக்குத் தெரியவில்லை. மகளுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்தது.
4. அவர் மறுபடியும் வந்தார். தனியாக, மதியச் சாப்பாட்டு நேரத்தில்.
5. அவருடைய முதலாளி வந்து, மாஸ்டர் இங்கே என்ன படிக்கிறார் என்று என்னிடம் கேட்டார்.
6. நான் சொல்லவில்லை.
7. சொல்லாததால் மாஸ்டருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த மாதக் கடைசியோடு நான் இந்த நூலகத்தை விட்டுப் போகிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கு இல்லை. வேறு மாவட்டத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். என் இடத்துக்கு வரும் உங்கள் இருவருக்கும் சாவிகள் எங்கே, கணினியின் கடவுச்சொல் என்ன, எந்த அலமாரியில் கரையான் வருகிறது என்பதையெல்லாம் தனியாக எழுதி வைத்துவிட்டேன். அந்தத் தாளில் எழுத முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். மாஸ்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தன் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம் என்றார். இரண்டும் இதில் இருக்காது.

முதலில் ஊரின் நேரம் உங்களுக்குப் பிடிபட வேண்டும். இங்கே எல்லோரும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார்கள். அதற்குப் பிறகு யார் நூலகத்துக்கு வருவார்கள்? காலையில் செய்தித்தாள் படிக்கச் சில பெரியவர்கள் வருவார்கள். பதினொரு மணிக்கு அவர்களும் போய்விடுவார்கள். அப்புறம் சாலையில் கம்பெனி வேன்கள் போகும், கீழே இருக்கும் லேபிள் கடையில் பிரிண்டிங் மிஷின் ஓடும், மேலே நீங்கள் இருப்பீர்கள். சில நாட்களில் மாலைவரை நான் பேசிய ஒரே வார்த்தை, தண்ணீர் கேன் போட வந்தவரிடம் சொன்ன ‘வெச்சிருங்க’தான். இதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். எனக்கு முழுதாகப் பழகவில்லை.

நான் படித்தது சாயத் தொழில்நுட்பம், டிப்ளமா. ஒரு சாயப்பட்டறை லேப்பில் ஒரு வருஷம் இருந்துவிட்டு, நூலக அறிவியல் படித்து இங்கே வந்தேன். அதனால்தான் ‘கண்ணும் நிறமும்’ யோசனை. ஊரே நிறத்தை விற்றுச் சாப்பிடுகிறது. நிறம் என்றால் என்னவென்று ஒரு மணி நேரம் பேசலாமே என்று நினைத்தேன். ஒரு முப்பட்டகக் கண்ணாடி வைத்தோம். சுழற்றினால் வெளுத்துப்போகும் ஏழு நிறத் தட்டு ஒன்று. ஓவியம் படிக்கும் ஒரு பெண் வந்து மூன்று டப்பா பெயின்டில் முப்பது நிறம் கலந்து காட்டினாள். கட்டிங் வேஸ்ட்டில் பொறுக்கிய இரண்டு துணித் துண்டுகளை டியூப்லைட்டில் ஒரே நிறமாகவும், ஜன்னல் வெளிச்சத்தில் வேறு வேறு நிறமாகவும் காட்டினேன். கூட வந்த அம்மாக்கள்தான் பிள்ளைகளைவிட அதிகம் வியந்தார்கள். கம்பெனியில் இதற்காகத் திட்டு வாங்கியவர்கள் அவர்கள். கடைசி மேசையில் நிறப்பார்வைப் புத்தகம். புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்குமே, அது.

மாஸ்டரின் மகளுக்குப் பத்து வயதிருக்கும். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, இதுல என்ன?”

“நீ சொல்லு பாக்கலாம்.”

“எட்டு.”

“கரெக்ட். அடுத்தது?”

“இருபத்தொம்பது.”

“கரெக்ட்டு கண்ணு. அடுத்தது?”

இப்படியே போனது. நல்ல அப்பா, சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் வந்ததும் அவர் முந்திக்கொண்டார். “இது நாப்பத்தஞ்சு!” குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“போப்பா, இதுல ஒண்ணுமே இல்ல. வெறும் புள்ளி. ஊட்லயே கண்ண வெச்சுட்டு வந்துட்டியா?” என்று அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அந்தப் புத்தகத்தில் அப்படிச் சில பக்கங்கள் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கிற கண்ணுக்கு அங்கே எண் தெரியாது. பிரிக்க முடியாத கண்ணுக்குத்தான் தெரியும். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு, “தட்டைச் சுத்தறதுக்கு ஆள் வேணும், வர்றியா?” என்றேன். அவள் ஓடி வந்தாள். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து அந்தப் புத்தகத்தைக் கூட்டத்தில் வைப்பதில்லை. ஜன்னலோரம், ஒரே ஒரு நாற்காலி போட்ட மேசையில்தான் வைப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அறிவியலை மேசைமேல் பரப்பி வைக்கும்போது, அது யார் வீட்டு விஷயமாக மாறும் என்று நமக்குத் தெரியாது.

அந்த வாரத்தில் ஒரு நாள் மதியம், நான் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“மேடம், அந்தப் புள்ளிப் புக்கு இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. ஜன்னல்கிட்ட உக்காருங்க. டியூப்லைட்ல பாக்கக் கூடாது.”

முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். பிறகு, “எத்தன மார்க்குங்க?” என்றார்.

“இது பரீட்சை இல்லீங்க. நான் டாக்டரும் இல்ல. கண் டாக்டர் பாத்துத்தான் சொல்லணும்.”

“பாத்தா சரி பண்ணிருவாங்களா?”

“சரி பண்ண முடியாதுங்க. இது பொறந்ததுல இருந்தே இருக்கறது. நெறையப் பேருக்கு இருக்குது, ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம்.”

புத்தகத்தை மூடினார். “எனக்கு ஞாபகசக்தி கம்மின்னு நெனச்சுட்டிருந்தனுங்க மேடம். கலர் பேரு மனசுல நிக்கறதில்லைன்னு. சின்னப் பசங்களுக்கே நிக்குது, எனக்கு நிக்கலியேன்னு.”

கண் மருத்துவரிடம் போய்வந்தார். அதேதான் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகு மதியங்களில் சாப்பாட்டு டப்பாவோடு வர ஆரம்பித்தார். ஒரு மேசையில் அவர், ஒரு மேசையில் நான். சாப்பிட்டுவிட்டுப் படிப்பார். கண்ணைப் பற்றிய புத்தகம் ஒன்று, மேல்நிலை வகுப்பு உயிரியல் பாடநூல் ஒன்று. புரியாத இடத்தில் கேட்பார். எனக்கும் தெரியாதபோது இருவரும் தேடுவோம்.

இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார் என்பதையும் அவரே சொன்னார். துணி ரோல்களில் லாட் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைப் படித்துவிடுவார். ஸ்டிக்கர் இல்லாத இடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைக் கூப்பிடுவார்.

“சொல்லு பாக்கலாம், இது என்ன கலர்?”

“ஆனியன் பிங்க்குங்க மாஸ்டர்.”

“கரெக்ட். அது?”

“ஆந்த்ராங்க. கரிச் சாம்பல்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“ஆந்த்ராதானுங்க மாஸ்டர்.”

“ம். போ, சோலியப் பாரு.”

அவர் சோதிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவரிடம் பழகிய பிள்ளைகளுக்கு நிறத்தில் கண் அவ்வளவு கூர்மையாக வந்துவிட்டது. அந்த மாஸ்டரிடம் வேலை கற்றவன் என்றால் அவிநாசி ரோட்டில் எந்தக் கம்பெனியிலும் உடனே எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் பரம்பரையைப் பற்றிய பாடத்துக்கு வந்தோம். இந்தக் குறை அம்மா வழியாக வருவது. அம்மாவுக்கு நிறம் தெரியும்; அவளுடைய அப்பாவிடமிருந்து வாங்கி மகனிடம் கொடுத்துவிடுவாள்.

“எங்கப்புச்சி, அம்மாவப் பெத்தவரு, மொளகாப் பழம் பறிக்கப் போனா பச்சையும் சேத்துப் பறிச்சுப்போட்டு வந்துருவாருங்க. அம்மாயி திட்டும். சோம்பேறின்னு ஊரே சொல்லும்” என்றார். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். “அப்ப என்ற பொண்ணுக்கு?”

“அவளுக்கு எல்லா நிறமும் தெரியுமுங்க. பின்னால அவளுக்குப் பையன் பொறந்தா, வரவும் செய்யலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி.”

அவர் டப்பாவைக் கழுவாமலே மூடிக்கொண்டு கிளம்பினார். உண்மையைச் சொல்லும் வேலையில் இருக்கிறோம். சொன்ன பிறகு கேட்டவர் படியிறங்கிப் போவதையும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

மறுநாள் வந்தார். நிறத்தின் பெயரைச் சொல்லும் ஒரு செயலியை அவருடைய போனில் போட்டுப் பார்த்தோம். ஆனியன் பிங்க் துண்டைக் காட்டினால் ‘பழுப்பு’ என்றது. என் துப்பட்டாவையும் பழுப்பு என்றது. சுவரையும் பழுப்பு என்றது. “பரவால்லீங்க, நமக்குத் துணைக்கு ஒருத்தன் இருக்கான்” என்றார். ஓவிய அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். நிறத்தை மறந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் பார்க்கப் பழகுவது எப்படி என்று கரித்துண்டால் வரைந்து காட்டும் புத்தகம். அதை அவர் அதிக நேரம் பார்த்தார். அழுத்தமான நிறம் எது, வெளிறியது எது என்பதில் தன் கண் மோசமில்லை என்று அதில் கண்டுகொண்டார்.

இந்த நாட்களில்தான் அவருடைய முதலாளி வந்தார். நூலகம் இருக்கும் இந்த மாடி அவருடையது. நூலகத்தை நடத்தும் அறக்கட்டளைக்கு வாடகையில்லாமல் கொடுத்திருக்கிறார். மேல்மாடியையும் தொழில்நுட்ப அறைக்குத் தாருங்கள் என்று நாங்கள் கேட்டிருந்தோம். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

“உக்காருங்க அம்மணி. ஏனுங்க, நம்ம மாஸ்டர் தினமும் இங்க வர்றாப்லயாமா?”

“வருவாருங்க.”

“என்ன புக்குங்க படிக்கறாப்ல?”

மேசைமேல் இருந்த பதிவேட்டை மூடி வைத்தேன்.

“ஜி.எஸ்.டி. புக்கா, எக்ஸ்போர்ட் லைசென்ஸா? தனியா யூனிட் போடறாப்லயாட்டம் இருக்குது. நானும் ஒரு காலத்துல கட்டிங் மாஸ்டர்தானுங்க. மத்தியானச் சோத்தத் தின்னுபோட்டு பேங்க்குக்கு ஓடுவேன். என்ற முதலாளிக்குக் கடைசி நாள் வரைக்கும் தெரியாது.”

இந்த ஊரில் வேலை தெரிந்த ஒருவன் இடைவேளையில் புத்தகத்தைத் திறந்தால், அதற்கு ஒரே அர்த்தம்தான்: சொந்தமாகக் கம்பெனி தொடங்கப் போகிறான். அவர் வேறு எதையும் யோசித்திருக்க முடியாது.

எனக்கு முன்னால் மூன்று பதில்கள் இருந்தன. தெரியாது என்று சொல்லலாம், அது பொய். தொழில் புத்தகம் இல்லை என்று சொல்லலாம். பின்னே என்ன என்ற அடுத்த கேள்வி உடனே வரும். உண்மையைச் சொல்லலாம், இத்தனை வருஷம் ஒரு மனுஷன் காப்பாற்றியதை அவர் இல்லாத இடத்தில் நான் எடுத்துக் கொடுத்ததாகும்.

“எனக்குத் தெரியுமுங்க. ஆனா சொல்லமாட்டேன். நாளைக்கு நீங்க வந்து எந்தப் புத்தகம் எடுத்தாலும், அதையும் யாருகிட்டயும் சொல்லமாட்டேனுங்க.”

“நான் என்னத்த அம்மணி எடுக்கப் போறேன், பேப்பரத் தவிர” என்று சிரித்தார். கோபப்படவில்லை. மேல்மாடியைப் பற்றி எதுவும் பேசவுமில்லை. படியருகே போய்த் திரும்பி, “அப்ப யூனிட்டுத்தான்” என்றார்.

உங்களிடமும் இப்படிக் கேட்பார்கள். அப்பா கேட்பார், கணவர் கேட்பார், நன்கொடை கொடுத்தவர் கேட்பார். ‘தெரியாது’ என்று தப்பிக்காதீர்கள். நம் வேலை தெரியாமலிருப்பது அல்ல, தெரிந்தும் வாயைத் திறக்காமலிருப்பது. ஆனால் அப்படி இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நல்ல ஆள் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று முதலாளி கணக்குப் போட்டார். அடுத்த வளர்பிறையில் மாஸ்டருக்கு ஷேடு அறைப் பொறுப்பைக் கொடுத்தார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய மாதிரித் துணியோடு நம் துணி நிறத்தில் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. அந்த அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். லேப்பில் ஒரு வருஷம் அப்படி ஒன்றில்தான் இருந்தேன். சுவரெல்லாம் சாம்பல் நிறம். வெளி வெளிச்சம் வராது. லைட் பாக்ஸ், இரண்டு துணித் துண்டு, ஒரு ஆள். பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள்.

மாஸ்டர் அன்று டப்பா இல்லாமல் வந்தார்.

“முதலாளிகிட்ட என்னங்க சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலீங்க.”

“அதானுங்க. ஒண்ணும் சொல்லாததுலதான் நான் யூனிட் போடறேன்னு முடிவு பண்ணிட்டாரு. சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே வேலைய விட்டுப் போயிருப்பேன். சொல்லாததுல இப்ப மாட்டிக்கிட்டேன்.” சிரிக்க முயன்றார். “வேண்டாம்னாலும் யூனிட்டுக்காகத்தான்னு நெனப்பாரு. சரின்னு போனா, நான் ஒரு தப்புக் கையெழுத்துப் போட்டா மொத்தக் கன்டெய்னரும் திரும்பி வருமுங்க. லைன் நிக்கும். நம்மள நம்பி இருக்கற பசங்க, பிள்ளைங்க எல்லாம் ஷிப்ட் இல்லாம ரூம்ல உக்காந்திருக்கணும்.”

ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

“நீங்களே வந்து சொல்லிருங்களேன் மேடம். படிச்சவங்க சொன்னா மரியாதையாப் போயிரும்.”

எளிதாக இருந்திருக்கும். அவர் அனுமதியும் கொடுத்துவிட்டார். ஆனால் நான் சொன்னால், அவர் அந்த அறைக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். உள்ளே வேறு இருவர் அவருடைய கண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

“நீங்களே சொல்லுங்க, வேணும்னா நான் கூட வர்றேன். ஆனா பேச்சு உங்களோடதா இருக்கட்டுமுங்க” என்றேன்.

கூட வர வேண்டாம் என்றார். பிறகு நிறப்பார்வைப் புத்தகத்தை எடுத்தார். “இது வெளிய தர்ற புக்கு இல்லதானுங்க? முதுகுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது.”

“எந்தக் கலர்ல ஒட்டியிருக்குதுங்க?” என்றேன்.

என்ன தைரியத்தில் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார். புத்தகத்தைப் பனியன் போடும் பாலிதீன் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வெளியே கொடுக்கக் கூடாத புத்தகத்தைக் கொடுத்தேன் என்று அறக்கட்டளைக்கு அன்றே தெரிவித்துவிட்டேன். விதியை மீறினால் அதை மறைக்காமல் மீறுங்கள்.

அடுத்த ஞாயிறு புத்தகம் திரும்பி வந்தது. மகள் கொண்டுவந்தாள். “அப்பா கீழ இருக்காருங்க மிஸ்” என்றாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். லேபிள் கடைக்கு முன்னால், வண்டியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்களன்று மதியம் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. மகளிடம் கேட்பது முறையில்லை, கம்பெனிக்குப் போய் விசாரிக்க நான் யார்? சில வாரங்கள் அவருடைய நாற்காலியை ஜன்னலோரமே விட்டிருந்தேன். சாப்பிடும்போது படியில் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பேன். கேன் போடுகிறவராக இருக்கும்.

போன ஞாயிறு, இதை எழுதலாமா என்று கேட்க நானே கீழே இறங்கினேன். வண்டியிலிருந்து இறங்கப் போன மாஸ்டரைக் கையமர்த்தினேன். எழுதுவதற்குச் சம்மதித்துவிட்டு, அன்று நடந்ததை அவராகவே சொன்னார்.

“புக்க முதலாளி முன்னால வெச்சு, ‘சொல்லுங்க பாக்கலாம், இதுல என்ன நம்பரு’ன்னேன். அவரும் நம்ம பசங்களாட்டமே ‘எட்டு’ன்னாரு. ‘எனக்கு வெறும் புள்ளிங்க’ன்னேன். புக்கத் திருப்பித் திருப்பிப் பாத்தாருங்க. பொறவு கேட்டாரு, ‘அப்ப யூனிட்டு இல்லியா?’ன்னு.”

இருவரும் சிரித்தோம்.

“போகச் சொல்லலீங்க. கட்டிங்கையே பாருன்னுட்டாரு. நல்ல மனுஷன். சேதிதான் பரவிருச்சு. பசங்களுக்கெல்லாம் தெரியும்.”

“கிண்டல் பண்றாங்களா?”

“பண்ணுனா பரவால்லீங்களே. முன்னெல்லாம் நான் கலர் கேட்டா பயந்துக்கிட்டுச் சொல்லுவானுங்க. இப்ப கேக்கறதுக்கு முன்னாலயே வந்து, ‘இது ஆந்த்ராங்க மாஸ்டர், அது ஆலிவ்ங்க’ன்னு பாசமாச் சொல்றானுங்க. அதத்தானுங்க தாங்க முடியல.”

“மேல வரலாமில்லீங்க, வெயில்ல உக்காந்துட்டிருக்கீங்க” என்றேன்.

“வந்தா, என்ற மூஞ்சியப் பாத்ததும் உங்களுக்கு அதுதானுங்க ஞாபகம் வரும்.”

“வராதுங்க.”

“எனக்கு வருமுங்க.”

ஒருவருக்கு ஒன்றைத் தெரியவைத்த இடம், அதற்குப் பிறகு அவரால் வர முடியாத இடமாகிவிடுவதும் உண்டு. எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு இதைச் சொல்லவில்லை. உங்களுக்கும் யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் எழுதினேன். அதற்காக நிகழ்ச்சிகளை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஞாயிறு நடக்காமல் இருந்திருந்தால், தனக்கு ஞாபகசக்தி கம்மி என்றே அவர் நம்பிக்கொண்டிருப்பார்.

இப்போது நிலைமை இது. மாஸ்டர் அதே கம்பெனியில், அதே கட்டிங் டேபிளில் இருக்கிறார். ஷேடு அறையில் அவரிடம் வேலை பழகிய ஒரு பெண் கையெழுத்துப் போடுகிறாள். மேல்மாடி சாவி இன்னும் முதலாளியிடம்தான். தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நிறப்பார்வைப் புத்தகம் கண்ணறிவியல் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. மாஸ்டரின் மகள் ஞாயிறுதோறும் வருகிறாள். என்ன படிக்கிறாள் என்று எழுதமாட்டேன். அவள் முடித்து வரும்வரை அவர் கீழே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்.